பத்தாம் அலைவரிசை

மணல்மேட்டில் ஏறும்போது கடைசி நாலு விநாடிக்கு வானத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. வண்டியின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். முன்கண்ணாடி முழுக்க நீலம். அந்தப் பக்கம் பாதை நேரே இறங்குகிறதா, இடப்பக்கம் வெட்டுகிறதா, எதிரே எவனாவது இதே நேரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறானா என்பதெல்லாம் கடவுளுக்கே வெளிச்சம். அதனால்தான் ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்துக்குள் வருகிறவர்கள் வண்டிமுன் உயரமான கம்பியில் ஒரு கொடி கட்டிக்கொள்வார்கள். ஒவ்வொரு மேட்டின் அடியிலும் ரேடியோவில், பத்தாம் அலைவரிசையில், ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் ஏறுவார்கள்.

“கிழக்க போற வண்டி ஒண்ணு, பின்னால ட்ரெய்லர், மேடு ஏறுறோம்” என்றான் க்ளென்.

பதில் வரவில்லை. பதில் இல்லையென்றால் வழி காலி. வண்டி முனகிக்கொண்டே ஏறி, நீலத்துக்குள் கொஞ்ச நேரம் மிதந்து, மூக்கைத் தாழ்த்தி அந்தப் பக்கம் வழுக்கியது. பின்னாலேயே ட்ரெய்லர், கூடாரமும் அடுப்பும் நாலு பேர் படுக்கையும் தண்ணீர்த் தொட்டியும் அடங்கிய குடும்பப் பாரம், ஒரு கணம் உச்சியில் தயங்கி, முதுகில் ஓர் இடி கொடுத்துவிட்டு இறங்கியது.

பக்கத்து இருக்கையில் நரேல் புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வருஷமாகப் பார்க்கிற முகம்தான். ஆனால் இந்த ஆறு மாதமாக அந்த முகம் அவளைப் பார்ப்பதில்லை. பேசுவான், சிரிப்பான், காலையில் தேநீர் போட்டுக் கொடுப்பான். கண் மட்டும் அவள் காதுப்பக்கம், தோளுக்கு அப்பால், எங்கேயோ போய் நிற்கும். போன் வந்தால் வெளியே எடுத்துக்கொண்டு போகிறான். ‘பஸ் சம்பந்தமா ஒரு கூட்டம்’ என்று இரண்டு தடவை அடிலெய்டுக்குப் போய்வந்தான். சின்ன ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவனுக்கு அடிலெய்டில் என்ன கூட்டம், கொட்டாங்கச்சிக் கூட்டம்? கேட்கிறவன் கேனயனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியும். எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று நரேல் முடிவே கட்டிவிட்டாள்.

ஜூலை விடுமுறைக்குப் பாலைவனம் போகலாம் என்று ஒற்றைக்காலில் நின்றவனும் அவன்தான். விட்டுப் போகிறவன் கடைசியாகப் பிள்ளைகளோடு ஒரு பயணம் போய்வர ஆசைப்படுகிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. சரி, வருகிறேன் என்றாள். பாலைவனம் முடிகிற பர்ட்ஸ்வில் ஊரைத் தொடுவதற்குள், நாலு நாளில், இந்த மணலில் வைத்துக் கேட்டுவிடுவது. உண்மையைச் சொன்னால் அழுது தீர்க்கலாம். பொய்யோடு குடித்தனம் நடத்த மட்டும் அவளால் ஆகாது; பர்ட்ஸ்வில்லில் இறங்கிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள்.

ஆனால் இந்த இடம் கேட்க விடமாட்டேன் என்கிறது. முதல் நாள் மேடுகள் சின்னவை. ஏறுவதும் இறங்குவதுமாக வண்டி ஆட, காலையிலிருந்து தாலாட்டில் கிடப்பது போல் இருந்தது. மழை பெய்து ஓய்ந்த வருஷம். மேடுகளுக்கு நடுவே பள்ளங்களில் வெள்ளையும் மஞ்சளுமாய் முட்டைப்பூ என்கிற காட்டுப்பூக்கள் பாய் விரித்தாற்போல் கிடந்தன. அதன் கரையில் மணல் சிவப்பு, அதற்கு மேல் வானம், அவ்வளவுதான், மூன்றே நிறம். கண்ணை மூடினால் இமைக்குள்ளும் அதே மூன்று நிறம். பின்னிருக்கையில் ஆறு வயசு இண்டி மேடுகளை எண்ணிக்கொண்டு வந்தாள். முப்பத்தொன்பதுக்கு அடுத்து முப்பத்திப் பத்து என்றாள். பதினொரு வயசு டெஸ் திருத்தவில்லை. வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

ரேடியோவில் குரல்கள் வந்தவண்ணம் இருந்தன. “மூணு வண்டி, மேற்க போறோம்.” “உப்பு ஏரி தாண்டியாச்சு.” “எவனாவது என் மண்வாரியப் பார்த்தீங்களாப்பா?” யார், எங்கே என்று தெரியாது. அடுத்த மேட்டிலிருந்தும் இருக்கலாம், இருபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் இருக்கலாம். உடம்பில்லாத மனுஷர்கள் காற்றில் நடந்துபோகிற மாதிரி நரேலுக்கு இருந்தது.

அதில் ஒரு குரல் மட்டும் தெரிந்த குரல். லொரெய்ன், சொந்த ஊர்க்காரி, அறுபது தாண்டியவள். நேற்று டல்ஹவுசி வெந்நீர்க் குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஊர்க்கதை பூராவும் பேசினாள். யாராயிருந்தாலும் அவளுக்குக் ‘கண்ணு’தான், அதே குளத்தில் நின்ற முன்பின் தெரியாத போலீஸ்காரனைக்கூட, ‘கொஞ்சம் நகரு கண்ணு’ என்றாள். அவளுடைய பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் க்ளென்னின் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். புருஷனோடு அரை மணி முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

“க்ளென் கண்ணு, உயிரோட இருக்கீங்களா?” ரேடியோ கேட்டது.

“இருக்கோம் லொரெய்ன். உங்க தடத்துலதான் வந்துகிட்டிருக்கோம்.”

“என் தடத்தை நம்பாத. எங்க வீட்டுக்காரர் குடிச்சவன் மாதிரி ஓட்டுறாரு.”

க்ளென் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்த முகத்தோடு நரேல் பக்கம் திரும்பினான். கண் அவள் காதுப்பக்கம் போய் நின்றது.

உச்சி வேளைக்கு அது நடந்தது. அடுத்த மேட்டடியில் க்ளென் குரல் கொடுத்தான். பதில் இல்லை. ஏறத் தொடங்கினான். பாதி தூரத்தில், உச்சிக்கு மேலே, நீலத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று முளைத்து ஆடியது. அழகாக இருக்கிறதே என்றுதான் நரேல் முதலில் நினைத்தாள். அவ்வளவு மயக்கத்தில் இருந்தாள். டெஸ்தான் எழுந்து கத்தினாள்.

“அப்பா! கொடி! கொடி!”

க்ளென்னின் கால் இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தது. “எங்க?” என்றான். நேர் எதிரே ஆடுகிற கொடியை ‘எங்க’ என்றான்!

“முன்னால! நேரா! இடது ஒடி!”

ஒடித்தான். வண்டி முள்புல் திட்டில் ஏறிக் குதித்து நின்றது, ட்ரெய்லர் குறுக்கே சாய்ந்தது. கையெட்டுகிற தூரத்தில் ஒரு பழைய வெள்ளை வண்டி இறங்கிப் போயிற்று. அதை ஓட்டிவந்த கிழவனார் தன் ரேடியோவை அணைத்து வைத்திருந்தார் போலிருக்கிறது. ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கி மரியாதையாக வணக்கம் வேறு சொல்லிவிட்டுப் போனார்.

“பார்க்கலையா நீ?” என்றாள் நரேல்.

“வெயில் கண்ணுல அடிச்சுது.”

சூரியன் கூரைக்கு மேலே, இடப்பக்கம் இருந்தது. அவன் கண்ணில் நிழல்தான் விழுந்திருந்தது. ஆறு மாதமாக அவள் கட்டிவைத்திருந்த கதைக்குள் இது பொருந்தவில்லை.

அதற்கடுத்த மேடு பெரியது. பாதி தூரம் ஏறியதுமே வண்டி திணறியது. சக்கரங்கள் சுற்றின, மணலைப் பீய்ச்சின, வண்டி அமிழ்ந்தது. க்ளென் கொஞ்சம் பின்னால் விட்டு மறுபடி அழுத்தினான். இந்த முறை ட்ரெய்லர் அச்சு வரைக்கும் புதைந்து நங்கூரம் போட்டுக்கொண்டது.

“சக்கரத்தடியில வைக்கப் பலகையை எடு, தோண்டிரலாம்” என்று மண்வாரியோடு இறங்கினான். ஊரிலேயே மணலில் அவனைப்போல் ஓட்ட ஆளில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும்தான், ஆனால் இரண்டு தடவை அடுத்தடுத்தா?

நரேல் கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கிச் சக்கரங்களைப் பார்த்தாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மணலில் ஓட்டுகிற டயர் தொப்பை சரிந்த மாதிரி அடியில் பிதுங்கி நிற்கவேண்டும். காலையில் கல்தரை முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் எல்லா டயருக்கும் காற்றை இறக்கி, ‘பதினெட்டு பவுண்டு, எல்லாம் பதினெட்டு’ என்று அவன்தான் கையைத் தட்டிக்கொண்டு வந்தான். இந்த ஆறு டயரும் விறைப்பாக, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி நிமிர்ந்து நின்றன. இருபத்தெட்டுக்குக் குறையாது.

வழக்கமாக டெஸ்தான் காற்றளவு மீட்டரைப் பிடித்து எண்ணைப் படிப்பாள். ‘நீ படி, பழகிக்கோ’ என்று க்ளென் அவளிடம் கொடுத்துவிடுவான். இன்று காலை டெஸ் போர்வையை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள், அவனே செய்தான். அந்த நினைப்போடு வேறு சிலவும் வரிசையாக வந்தன. கடையில் உணவுப் பட்டியலை அவளிடமே தள்ளிவிட்டு ‘உனக்கு என்னவோ அதே எனக்கும்’ என்பது. இண்டியின் ராத்திரிக் கதையைப் புத்தகமில்லாமல் தானே கட்டிச் சொல்வது. எவ்வளவு அழகாகக் கதை சொல்கிறான் என்று அவள் அதற்குப் பூரித்துப்போனதுதான் கொடுமை.

மீட்டரை எடுத்துவந்து பின்சக்கரத்தில் பொருத்தினாள்.

“க்ளென், இங்க வா. எவ்வளவு இருக்கு பாரு.”

வந்தான். குனிந்தான். தலையைக் கொஞ்சம் சாய்த்து, மீட்டருக்குப் பக்கத்து மணலைப் பார்த்தான்.

“பதினெட்டு. நான்தான் சொன்னேனே.”

அவள் இன்னும் பொத்தானை அழுத்தவே இல்லை. மீட்டரின் திரை வெறுமையாக இருந்தது.

“நான் இன்னும் அதைப் போடல, க்ளென்” என்றாள் மெதுவாக.

அவன் அப்படியே மணலில் உட்கார்ந்தான். மண்வாரி சரிந்து விழுந்தது. பள்ளத்தில் பூக்கள் எந்தக் காற்றும் இல்லாமல் நின்றன. மேட்டின் நிழலில் இண்டி தன் காலைத் தானே மணலால் மூடிக்கொண்டிருந்தாள். டெஸ் அவளுக்கு உதவிக்கொண்டிருந்தாள். நரேல் அவன் முன்னால் குந்தினாள்.

“எவ்வளவு நாளா?”

“ஜனவரியில இருந்து. ரெண்டு கண்ணும். நடுவுல மட்டும்.” விரலை நீட்டித் தன் முகத்துக்கு முன்னால் ஒரு வட்டம் போட்டான். “ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது. மேடு தெரியுது, தடம் தெரியுது. எதையாவது நேரா பார்த்தேன்னா அது இல்ல. அங்க புகை.”

“அடிலெய்டு கூட்டம்?”

“கண் டாக்டர்.”

“போனு?”

“அதுவும் அவங்கதான்.”

நரேலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கமாட்டாத சிரிப்பு, சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. “அட பாவி மனுஷா! எவளையோ வச்சிருக்கேன்னு நினைச்சேன்டா! என் மூஞ்சியப் பார்க்கக்கூடப் பிடிக்காமப் போச்சுன்னு ஆறு மாசமா தலைகாணிய நனைச்சிட்டிருக்கேன்!”

“உன்ன நேரா பார்த்தா நீ இல்ல நரேல். புகைதான் இருக்கு. உன் காதைப் பார்த்தா, ஓரத்துல உன் முகம் கிடைக்குது. அதான் காதையே பார்த்துக்கிட்டிருக்கேன்.”

அவள் கையுறையைக் கழற்றி அவன் மேல் எறிந்தாள். பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையைப் பிடித்துத் தன் கழுத்தில் அழுத்திக்கொண்டாள். மணல் சூடாக, மெத்தென்று இருந்தது, தூங்கிவிடலாம் போல் இருந்தது. அந்தச் சுகத்தின் நடுவில்தான் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது.

“க்ளென். பஸ்ஸு.”

அவன் தலை அவள் கழுத்திலேயே கிடந்தது.

“டாக்டர் ஓட்டலாம்னாரா?”

“கூடாதுன்னாரு. லைசென்ஸை நானே போய் ஒப்படைக்கணும்னாரு.” தலையைத் தூக்கினான். “டிசம்பர் வரைக்கும் நரேல். இந்த வருஷம் முடியட்டும். அந்த ரோடு எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு குழியும் தெரியும்.”

“குழி மனப்பாடம். ரோட்டுக்குக் குறுக்க ஓடுற பிள்ளை? அதையும் மனப்பாடம் பண்ணிட்டியா?” அவள் எழுந்துவிட்டாள். “பதினேழு பிள்ளைங்கடா! நம்ம ரெண்டையும் சேர்த்து! இப்ப டெஸ் கத்தலேன்னா என்ன ஆயிருக்கும்?”

“எனக்குத் தெரியாதா அது? தினமும் கடைசிப் பிள்ளை இறங்கினப்புறம் பஸ்ஸை ஓரங்கட்டி வாந்தி எடுக்குறேன். பத்தொன்பது வயசுல இருந்து வண்டி ஓட்டுறேன். ஊருல என்னை ‘பஸ் க்ளென்’னுதான் கூப்பிடுறாங்க. பஸ்ஸை எடுத்துட்டா வெறும் க்ளென். அது யாருன்னு எனக்கே தெரியாது. அஞ்சு மாசம். நீ மட்டும் யார்கிட்டயும் சொல்லாம இரு, போதும்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததோடு, அவளையும் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறச் சொல்கிறான். அவன்மேல் அவளுக்கு இரக்கம் பொங்கியது; அதைவிட அதிகமாகக் கோபம் பொங்கியது.

“கேட்டுக்கோ. கண்ணு போனா நான் இருக்கேன். சாகுற வரைக்கும் இருக்கேன். பொய்யில பங்கு மட்டும் கேக்காத. நீ சொல்லலேன்னா பர்ட்ஸ்வில்லோட சரி. பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிருவேன். போற வழியில பள்ளிக்கூடத்துக்கு நானே போன் பண்ணுவேன்.”

அவன் மண்வாரியை எடுத்துக்கொண்டு எழுந்தான். வேலை கிடந்தது.

டெஸ் வந்து மீட்டரை வாங்கிக்கொண்டாள். காற்று சீறிக்கொண்டு இறங்க, அவள் எண்களை உரக்கப் படித்தாள். “இருபத்தஞ்சு. இருபத்தி ரெண்டு. பத்தொம்பது. பதினெட்டு. போதும்மா!” ஒவ்வொரு டயராகத் தொப்பை போட்டது. க்ளென் முழங்காலில் நின்று தோண்டினான். தோண்டுகிறதற்குக் கண் வேண்டாம், அவன் கை மணலை அவ்வளவு நன்றாக அறியும். ட்ரெய்லரின் அச்சு வெளியே வந்தது. இனி மேட்டடி வரை பின்னோக்கியே நேராக இறங்கி, முதலிலிருந்து ஏறவேண்டும். கொஞ்சம் கோணினாலும் ட்ரெய்லர் மடங்கி வண்டியையும் புரட்டிவிடும்.

சாவியை அவன் அவளிடம் நீட்டினான்.

நரேல் கோதுமைப் பண்ணையில் பிறந்தவள். பன்னிரண்டு வயசிலேயே வைக்கோல் ட்ரெய்லரைப் பின்னால் தள்ளிக் களத்தில் சேர்த்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலைக்கு அவசியம் வரவில்லை, அவ்வளவுதான். ஸ்டியரிங்கைக் கீழே பிடித்தாள், பக்கக் கண்ணாடிகளில் ட்ரெய்லரின் இரண்டு ஓரமும் சமமாகத் தெரியும்படி வைத்துக்கொண்டாள், பிரேக்கைத் தொடாமல் வண்டியை அதன் போக்கில் விட்டாள். வண்டி பின்னோக்கி வழிந்தது. சிவப்பு மணல் இருபுறமும் மேலேறிப் போவதாகவும் தாங்கள் அசையாமல் நிற்பதாகவும் தோன்றியது. அடியில் வந்து நின்றபோதுதான் மூச்சு விட்டாள்.

“அம்மா, நீ ஓட்டுவியா?” என்று இண்டி வாயைப் பிளந்தாள்.

க்ளென் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பக்கத்தில் அவன் உட்கார்ந்ததே இல்லை. பெல்ட் எங்கே இருக்கிறது என்று தடவினான். அவள் எடுத்துக் கொடுத்தாள்.

அப்போது ரேடியோ கரகரத்தது.

“க்ளென் கண்ணு, எங்கப்பா ஆளைக் காணோம்? ஒண்ணரை மணி நேரமா முன்னால நின்னு பார்த்துக்கிட்டிருக்கோம். டீ போட்டு ஆறியும் போச்சு. என்ன ஆச்சு? அந்தப் பெரிய மேட்டுலயே மாட்டிக்கிட்டீங்களா? டயரா?”

க்ளென் ஒலிவாங்கியை எடுத்தான். அழுத்தவில்லை. டயர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பொய்கூட இல்லை. அந்த அலைவரிசையில் இருபது கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கிற அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்; லொரெய்ன் கேட்டால் ஊரே கேட்ட மாதிரி. நரேல் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கம் திரும்பக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இது அவனே செய்யவேண்டியது.

“க்ளென்? கேக்குதா?”

பொத்தானை அழுத்தினான்.

“கேக்குது லொரெய்ன். டயர் இல்ல.” நிறுத்தினான். அழுத்திய விரலை எடுக்கவில்லை. வண்டிக்குள் எல்லோர் மூச்சும் அலைவரிசையில் போய்க்கொண்டிருந்தது. “எனக்குக் கண்ணு தெரியல. ஆறு மாசமாத் தெரியல. அதோடதான் உங்க பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போய் வந்துகிட்டிருந்தேன். இனிமே ஓட்டமாட்டேன். இங்கயும் சரி, ஊருலயும் சரி. இப்ப நரேல்தான் ஓட்டுறா.”

விரலை எடுத்தான்.

காலையிலிருந்து ஓயாமல் பேசிய பாலைவனம் பூராவும் வாயை மூடிக்கொண்டது. மேற்கே போன மூன்று வண்டிகள், மண்வாரியைத் தொலைத்தவன், எல்லோரும் எங்கெங்கோ மேடுகளுக்கு நடுவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். டெஸ் பின்னாலிருந்து கையை நீட்டி அப்பாவின் தோளில் வைத்தாள். நரேலுக்கு முன்கண்ணாடி கலங்கித் தெரிந்தது. மணலும் வானமும் ஒன்றோடொன்று கரைந்தன. புறங்கையால் துடைத்துக்கொண்டாள், ஓட்டவேண்டியவள் அவள்தானே.

“கேட்டுச்சு கண்ணு” என்றாள் லொரெய்ன்.

பிறகு தொண்டையைச் செருமுகிற சத்தம்.

“பிள்ளைங்க விஷயம் ஊருல போய்ப் பேசுவோம். உன்ன நல்லாத் திட்டத்தான் போறேன், அது வேற. இப்ப எங்களைத் தாண்டி எதிர்ல எவனும் வரல, மேடு காலியா இருக்கு. நரேல்கிட்ட சொல்லு, வலது தடம் இளகிக் கிடக்கு, இடது பிடிச்சு ஏறச் சொல்லு. டீ மறுபடி போடுறேன்.”

நரேலுக்கும் அது கேட்டதுதான். இருந்தாலும் அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

“இடது பிடிச்சு ஏறு, நரேல்” என்றான் க்ளென்.

அவள் ஏறினாள்.